ஆலியின் பெயர் இல்லாத மனு: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம்.

இங்கே நம் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வைத்திருக்கும் 'த கேட்சர் இன் த ரை' நாவலை எடுத்துவிடச் சொல்லிப் பள்ளி வாரியத்துக்கு ஒரு மனு தயாராகி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளுக்காகக் காத்திருந்த நேரத்தில் அந்தத் தாள் என் கைக்கும் வந்தது. கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் பலர் எனக்கு வேண்டியவர்கள். வீட்டில் விசேஷம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர்கள்.

மனுவில் மூன்று குறைகள் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்துக்குப் பக்கம் கெட்ட வார்த்தை. பதினாறு வயதுப் பையனின் ஹோட்டல் அறைக்கு விலைமாது வரும் காட்சி. படித்து முடித்த பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள் என்பது மூன்றாவது. மூன்றும் புத்தகத்தில் இருப்பவைதான், இல்லையென்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் இரண்டு பக்க மனுவில் ஆலி என்ற பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அந்தப் பெயரை விட்டுவிட்டு இந்த நாவலைப் பற்றிப் பேசவே முடியாது. அதனால்தான் இந்த மடல்.

கதையைச் சொல்பவன் ஹோல்டன் கால்ஃபீல்ட். நியூயார்க்கில் வசதியான வீட்டுப் பையன், அப்பா கம்பெனிகளுக்கு வாதாடும் வக்கீல். பென்சில்வேனியாவில் தங்கிப் படிக்கும் பள்ளியில் ஐந்து பாடத்தில் நான்கில் தோற்றுவிட்டான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு வர வேண்டாம் என்று பள்ளி சொல்லிவிட்டது. அவனை அனுப்பிவிடும் முதல் பள்ளியும் இது இல்லை. விஷயம் வீட்டுக்குத் தெரியும் முன்பே கிளம்பி வந்து, வீட்டுக்கும் போகாமல் நியூயார்க்கில் மூன்று நாள் அலைகிறான். குடிக்கிறான், பொய் சொல்கிறான், பார்க்கிறவர்களையெல்லாம் போலி என்று வைகிறான். இதோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் சொல்வதுதான் சரி. படிப்பில் அக்கறையில்லாத, வாய்க்கொழுப்பு பிடித்த, பணக்கார வீட்டுப் பையனின் கதை. இதை ஏன் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்?

ஆலி அவனுடைய தம்பி, இரண்டு வயது இளையவன். 1946 ஜூலை 18 அன்று ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். அப்போது ஆலிக்குப் பதினொன்று, ஹோல்டனுக்குப் பதின்மூன்று. வேறு எதையும் ஒழுங்காகச் சொல்லாத ஹோல்டன் இந்தத் தேதியை மட்டும் நாள், மாதம், வருடத்தோடு சொல்கிறான். ஆலி இடது கைக்காரன். பேஸ்பால் ஆடும்போது போட்டுக்கொள்ளும் தோல் கையுறையில் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். பந்து வராத நேரத்தில் மைதானத்தில் நின்றபடி படிப்பதற்காம். ஹோல்டன் பள்ளி பள்ளியாக மாறும்போதெல்லாம் அவனோடு கூடவே போவது அந்தக் கையுறைதான்.

தம்பி இறந்த இரவு ஹோல்டன் கார் ஷெட்டில் படுத்துக்கொள்கிறான். அங்கிருந்த கண்ணாடி ஜன்னல்களையெல்லாம் வெறும் கையால் குத்தி உடைக்கிறான். காரின் கண்ணாடியையும் உடைக்கப் பார்க்கிறான், அதற்குள் கை முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். தம்பியின் இறுதிச் சடங்குக்குக்கூட அவனால் போக முடியவில்லை. மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று பெரியவர்கள் யோசித்தது கண்ணாடியை உடைத்ததற்காக. மழை வந்தால் அந்தக் கை இன்னும் வலிக்கிறது, விரல்களை இறுக்கி மடக்க முடியாது.

இதைப் படித்தபின் முதல் இரண்டு அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். வயதான வரலாற்று ஆசிரியர் அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, அவன் எழுதிய தேர்வுத்தாளை அவன் முகத்துக்கு எதிரிலேயே வாசித்துக் காட்டுகிறார். எதிர்காலத்தைப் பற்றிக் கவலையே இல்லையா என்று கேட்கிறார். நல்ல மனிதர்தான், அக்கறையில்தான் கேட்கிறார். பின்னால் வரும் இன்னொரு ஆசிரியர் நடு இரவில் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, படிப்பின் அருமையை நீளமாகப் பேசுகிறார். மதிப்பெண், ஒழுக்கம், வருங்காலம் எல்லாம் பேசுகிறார்கள். அந்த மூன்று நாளில் பெரியவர் ஒருவர்கூட, "தம்பி போனதிலிருந்து எப்படியப்பா இருக்கிறாய்?" என்று அவனைக் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விதான் இந்த நாவல். கெட்ட வார்த்தையெல்லாம் அதற்கு மேல் போட்ட மூடி.

கேட்பது பத்து வயதுத் தங்கை ஃபீபி மட்டும். உனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல் பார்க்கலாம் என்று அவனை மடக்குகிறாள். யோசித்து யோசித்து, ஆலியைப் பிடிக்கும் என்கிறான். ஆலி செத்துப்போய்விட்டானே என்கிறாள் அவள். செத்துப்போனால் பிடிக்காமல் போய்விடுமா என்று ஹோல்டன் சண்டைக்கு வருகிறான். என் மகள் பத்தாம் வகுப்பில் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்தோடு சமையலறைக்கு வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் கையில் இருந்ததை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் இதுதான். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது என் அண்ணன் இறந்தான். மூளைக்காய்ச்சல், ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அழுகையும் கூட்டமுமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் பெயரே வீட்டில் புழங்கவில்லை. படத்துக்கு மாலை போட்டார்கள், சின்ன சிவப்பு பல்பு எரிந்தது, வெள்ளிக்கிழமை ஊதுபத்தி ஏற்றினார்கள். நான் அவனைப் பற்றி வாய் திறந்தால், "அம்மா அழுவாங்க, நீ போய்ப் படி" என்று பாட்டி அனுப்பிவிடுவார். அந்த வருடம் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி ஊரே விசாரித்தது. என் வீட்டாரை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஹோல்டனின் அம்மாவும் அப்படித்தான், ஆலி போனதிலிருந்து தேறவே இல்லை. ராத்திரி தூங்காமல் சிகரெட் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கலக்கப்படுத்தக் கூடாது என்றுதான் மகனும் வாயை மூடிக்கொள்கிறான்.

ஆலியின் நோயைப் பற்றி இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது, நமக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. 1946 இல் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் மருத்துவர்களிடம் கொடுக்க மருந்தே இல்லை. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்குவதைக் கண்டது 1947 கடைசியில். அந்த முடிவு வெளியானது 1948 இல். அந்த மருந்தை உருவாக்கிய நியூயார்க் ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்று அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை ரத்தப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். கதையில் ஆலி இறந்தது அந்தக் கதவு திறப்பதற்கு ஒன்றரை வருடம் முன்பு. நாவல் இதையெல்லாம் பேசவில்லை. ஆனால் அன்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல ஆறுதலே இருந்திருக்காது என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

இதை எழுதிய ஜே. டி. சாலிஞ்சரும் துக்கத்தை எங்கிருந்தோ கற்பனை செய்துகொண்டவர் இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கப் படையில் அவரும் ஒருவர். ஜெர்மனியின் ஹூர்ட்கென் காட்டில் நடந்த சண்டையில் அவருடைய படைப்பிரிவு ஆட்களை வாரிக்கொடுத்தது. போர் முடியும் நேரத்தில் நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்றையும் பார்த்தார். 1945 இல் மனம் தளர்ந்து ஜெர்மனியிலேயே மருத்துவமனையில் சேர்ந்தார். ஹோல்டனைப் பற்றி அதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தார், நாவலாக வந்தது 1951 ஜூலையில். போரைப் பற்றிய நாவலாக அவர் அதை எழுதவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவன் செத்துப்போய் நாம் மட்டும் மிச்சமிருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எழுதியது. எனக்கு அது ஒவ்வொரு அத்தியாயத்திலும் கேட்கிறது.

சரி, உங்கள் குறைகளுக்கு வருகிறேன்.

கெட்ட வார்த்தை. இந்த நாவலை எதிர்த்தவர்கள் பலரும் இதில்தான் தொடங்கினார்கள். 1960 இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் பதினோராம் வகுப்புக்கு இதைப் பாடமாக வைத்த ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் மேல்முறையீடு செய்து வேலையைத் திரும்பப் பெற்றார், புத்தகம் மட்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. 1978 இல் வாஷிங்டன் மாநிலத்தின் இசக்குவாவில் ஒருவர் 785 கெட்ட வார்த்தைகள் என்று எண்ணிக்கொண்டு வந்தார். பள்ளியின் வாசிப்புப் பட்டியலிலிருந்து புத்தகம் நீங்கியது. அத்தனையையும் எண்ணியவர்கள், அதிலேயே மிக மோசமான வார்த்தை நாவலுக்குள் எப்படி வருகிறது என்று கவனித்தார்களா தெரியவில்லை. ஹோல்டன் தங்கைக்கு ஒரு சீட்டுக் கொடுத்தனுப்ப அவளுடைய பள்ளிக்குப் போகிறான். அங்கே சுவரில் யாரோ அந்த வார்த்தையை எழுதி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் என்ன ஆகும், யாராவது அதற்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிட்டால் என்று பதறிப்போய்க் கையால் தேய்த்து அழிக்கிறான். இன்னோரிடத்தில் கத்தியால் கீறி எழுதியிருக்கிறார்கள், அதை அவனால் அழிக்க முடியவில்லை. பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று நீங்கள் படுகிற அதே பதற்றத்தைத்தான் அவனும் படுகிறான். அந்தப் பக்கத்தைக் காட்டி அவனையே வெளியேற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஹோட்டல் அறைக் காட்சி. லிஃப்ட் ஓட்டுபவன் ஒரு பெண்ணை அனுப்புகிறேன் என்கிறான், தனிமையில் ஹோல்டன் சரி என்றுவிடுகிறான். அவள் வந்ததும் அவனுக்கு மனம் கனத்துப்போகிறது. அவளும் ஏறக்குறைய தன் வயதுதான் என்பதைப் பார்க்கிறான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கலாமா என்று கேட்கிறான். எதுவும் நடக்கவில்லை, பணத்தைக் கொடுத்து அனுப்புகிறான். பிறகு லிஃப்ட்காரன் வந்து இன்னும் ஐந்து டாலர் பிடுங்கிக்கொண்டு, வயிற்றில் குத்திவிட்டுப் போகிறான். அந்தப் பெண் போனதும், அடி விழுவதற்கு முன்னால், ஹோல்டன் செய்வது என்ன தெரியுமா? ஆலியோடு சத்தமாகப் பேசுகிறான். ஒருமுறை தம்பி கூட வருகிறேன் என்றபோது நீ சின்னப்பையன் என்று விட்டுவிட்டுப் போயிருந்தான். இப்போது, போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு வா, உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று இல்லாத தம்பியிடம் சொல்கிறான். மனம் மிகவும் நொந்துபோகும் போதெல்லாம் அவன் இப்படிப் பேசுவது வழக்கம். உடன்பிறந்தவரைச் சிறு வயதில் இழந்த எவருக்கும் இப்படி ஒரு "கூட்டிப்போயிருக்கலாமே" உள்ளே இருக்கும். எனக்கு இருக்கிறது.

சோர்வு. இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. இருண்ட புத்தகம்தான். ஹோல்டனுக்கு, பழைய பள்ளியில் ஜன்னலிலிருந்து குதித்து இறந்த ஜேம்ஸ் காசில் என்ற மாணவனின் நினைவு வருகிறது. குதிக்கும்போது அவன் போட்டிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். தானும் குதித்துவிடலாம் என்று ஹோல்டனுக்கே தோன்றும் இடமும் உண்டு. கடைசியில் ஐந்தாம் அவென்யூவில் நடந்து போகும்போது, ஒவ்வொரு தெருமுனையிலும் இறங்கினால் மறுபக்கம் போய்ச் சேராமல் மறைந்துபோய்விடுவோம் என்று பயந்து, என்னை மறைய விட்டுவிடாதே என்று ஆலியிடம் கெஞ்சுகிறான். தெருவைக் கடந்ததும் அவனுக்கு நன்றி சொல்கிறான். அப்புறம் அடுத்த தெரு, மறுபடியும் அதே கெஞ்சல். படிக்கும் பிள்ளைக்கு நெஞ்சு அடைக்கத்தான் செய்யும்.

பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனைச் சுட்டவன் கையில் 1980 இல் இந்தப் புத்தகம் இருந்ததே என்று ஒருவர் கேட்டார். இருந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் வாங்கிப் படித்த புத்தகம் இது. அந்த ஒருவனை வைத்து மற்ற அத்தனை பேரையும் அளக்க முடியாது.

ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நேரத்திலும் இது ஏற்றது என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால், பிள்ளை ஏற்கெனவே உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசியிருந்தால், நேராக ஆசிரியரிடம் சொல்லுங்கள். தன் பிள்ளைக்கு மட்டும் வேறு புத்தகம் கேட்கும் வழி அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் இருக்கிறது, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உயிருக்கு ஆபத்தான எண்ணம் வந்தால் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் அது இயங்குகிறது. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கு இந்த நாவலைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்பது உங்கள் உரிமை. வகுப்பில் யாருக்குமே வேண்டாம் என்பது வேறு விஷயம். அந்த வகுப்பில் ஆலியைப் பறிகொடுத்த பிள்ளை யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். 2021 இல் ஊரில் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது எத்தனை தாத்தா பாட்டிகளைப் பறிகொடுத்தோம்! விமானம் கிடைப்பது அரிது, விசா முத்திரை இல்லை, போனால் திரும்ப முடியுமா என்ற பயம். தகனத்தை வாட்ஸப் வீடியோவில் பார்த்தோம். நாம் ஒரு அறையில் தலைமுழுகிவிட்டு அழுதுகொண்டிருந்தோம், அடுத்த அறையில் பிள்ளை கேமராவை அணைத்துவிட்டு ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு மாலை போட்ட படமும் இல்லை, பதினாறு நாள் கூட்டமும் இல்லை. தாத்தாவைப் பற்றி நாம் அதனோடு உட்கார்ந்து பேசினோமா? அன்று பத்து வயதில் இருந்தவர்கள்தான் இன்று இந்த நாவலைக் கையில் எடுக்கிறார்கள்.

நாவலில் எனக்குப் பிடிக்காத இடங்களும் உண்டு. பெண்களைப் பற்றி ஹோல்டன் பேசுவதில் பாதி இன்று காதுகொடுத்துக் கேட்கும்படி இல்லை. நடுவில் சாலி என்ற பெண்ணோடு நாடகத்துக்கும் ஸ்கேட்டிங்குக்கும் போகும் பகுதி இழுக்கிறது. என் மகளுக்கு அவன்மேல் கோபமும் வந்தது. எல்லா வசதியும் இருந்தும் இவன் ஏன் இப்படிப் புலம்புகிறான் என்று கேட்டாள். கேட்கட்டும். அதற்குத்தான் வகுப்பு, அதற்குத்தான் ஆசிரியர். தனியாக இருட்டில் படிப்பதைவிட முப்பது பேரோடு வெளிச்சத்தில் படிப்பதுதான் இந்தப் புத்தகத்துக்கு நல்லது.

இப்போது என் கோரிக்கை. புத்தகத்தை மறுபரிசீலனை செய்யக் கோரும் படிவங்களில் பெரும்பாலும், "முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு உண்மையாகப் பதில் எழுத முடிகிறவர்கள் மட்டும் மனுவைக் கொண்டுபோங்கள். மற்றவர்கள் முதலில் படியுங்கள். பெரிய புத்தகம் இல்லை, இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும். ஆங்கிலமும் எளிய பேச்சு ஆங்கிலம். பிள்ளை படிக்கும் வேகத்திலேயே கூடவே படித்தால் இன்னும் நல்லது. ஆலி இறந்ததைச் சொல்லும் ஐந்தாம் அத்தியாயம் வரும்போது, அன்றைக்கு மட்டுமாவது மதிப்பெண் பேச்சு வேண்டாம். ஊரில் இருந்த தாத்தாவையோ, நீங்கள் இழந்த இன்னொருவரையோ பற்றிப் பிள்ளையிடம் ஏதாவது சொல்லுங்கள். நல்ல குணம்தான் என்றில்லை. அவர் எதற்குக் கோபப்படுவார், எப்படிச் சைக்கிள் ஓட்டுவார், என்ன சாப்பிடுவார் என்று எதையாவது.

படித்தபிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அதை வாரியக் கூட்டத்தில் சொல்லுங்கள், நானும் வந்து என் பக்கத்தைச் சொல்கிறேன். வாரியம் முடிவெடுப்பதற்கு முன்னால் ஆங்கில ஆசிரியரோடு பெற்றோர் சந்திப்பு ஒன்று வைக்கச் சொல்லி நான் பள்ளிக்கு எழுதியிருக்கிறேன். தேதி வந்ததும் எல்லோருக்கும் தெரிவிக்கிறேன். என்னிடம் புத்தகம் இரண்டு பிரதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா